ஓக் மரத்தின் பழைய பெயர்

"யசோதரன், லைனில நிக்கிறீங்களோ?"

"ஓம், நிக்கிறன். சொல்லுங்கோ."

"நேற்று நீங்கள் ஏதோ மரத்தைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட, ஃபோன் கார்ட் முடிஞ்சு போச்சு. எனக்கு அதுதான் யோசினை. என்ன மரம், யசோதரன்?"

"பெரிய விசயமில்லை. உக்ரேனில கீவில படிக்கேக்க என்ர ஹொஸ்டல் ஜன்னலுக்கு நேர நிண்ட மரம். பெர்யோஸா எண்டு சொல்லுவினம்."

"பெர்யோஸா. அதுக்கு அர்த்தம் இருக்கோ?"

"மரத்தின்ர பேருக்கு அர்த்தம் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். வெள்ளையா மினுங்கிறது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பட்டை அப்பிடித்தான் இருக்கும்."

"அப்ப பேர் வைச்சவருக்குக் கண் நல்லாத் தெரிஞ்சிருக்கு. மற்ற மரங்களுக்கும் இப்பிடி அர்த்தம் இருக்கோ, யசோதரன்?"

"இருக்கு. ஆனா எல்லாத்தையும் ஒரு ஃபோன் கார்டில சொல்லேலாது."

"சரி. மிச்சத்தை நேரில வந்து கேக்கிறன், யசோதரன்."

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. அருந்ததி கொழும்பில், வெள்ளவத்தைச் சித்தி வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள். யசோதரன் சிட்னியில், நண்பர்களோடு சேர்ந்து எடுத்த ஹோம்புஷ் அடுக்குமாடி வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நிச்சயமாகி, நாள் பார்த்துக்கொண்டிருந்த காலம். அந்த மாதங்களில் அருந்ததி பேசிய ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ அவருடைய பெயர் இருந்தது. பருப்புக்குக் கறிவேப்பிலை போடுவது போல, யோசிக்காமல் போடுவாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, தேநீர்க் கோப்பையோடு அறைக்குள் வந்தவள், "இஞ்சாருங்கோ" என்றாள்.

யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து யசோதரன் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் அவருடைய பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் "இஞ்சாருங்கோ". வெளியில் "மேனுகாவின்ர அப்பா". தொலைபேசியில் வேறு யாரோடாவது பேசும்போது "இவர்". முதலில் புது வெட்கம் என்று நினைத்தார். போகப்போகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தார். பிறகு மகள் மேனுகா பிறந்தாள், சிட்னிப் புறநகரான டூங்கபியில் வீடு வாங்கினார்கள், அருந்ததி இரத்தம் எடுக்கும் வேலைக்குப் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். காத்திருப்பது மட்டும் அப்படியே இருந்தது. "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அது கீழ்ப்படிதலாகிவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். காலம் போகப்போக, இதை இனிமேல் கேட்பதே சின்னப்பிள்ளைத்தனம் என்றும் தோன்றியது.

ஆனால் கவனிப்பதை அவர் விடவில்லை. அவள் எப்படித் தப்பிக்கிறாள் என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு ஆராய்ச்சியாளனின் ஆர்வமே வந்துவிட்டது.

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அர்ச்சனைக்கு நின்றால், ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். அருந்ததி தன்னுடையதைச் சொல்வாள், மகளுடையதைச் சொல்வாள், பிறகு யசோதரனின் முழங்கையில் மெல்லத் தட்டுவாள். அவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். மேனுகா சிறுமியாக இருந்தபோது அந்த வேலை அவளுடையது. "அப்பா! யசோதரன்! ரோகிணி!" என்று கோயிலே திரும்பிப் பார்க்கக் கத்துவாள். இப்போது மேனுகா மெல்பேர்னில் வேலை செய்கிறாள்.

ஒருமுறை யசோதரன் கொழுப்புச் சோதனைக்காக அருந்ததி வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனார். இரத்தம் எடுப்பவர் நோயாளியின் பெயரைத் தான் சொல்லக்கூடாது, நோயாளியின் வாயால்தான் சொல்லவைக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆள் மாறிவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். அருந்ததி கையுறையைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "ஃபுல் நேம், ப்ளீஸ்?" என்றாள். சொன்னார். "டேட் ஒஃப் பேர்த்?" சொன்னார். சிறு குழாயில் பெயரை ஒட்டினாள். பிறகுதான், "இஞ்சாருங்கோ, கையை இறுக்காதேங்கோ" என்றாள். இந்த விதியை எழுதியவர் யாராக இருந்தாலும் அருந்ததிக்குச் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று யசோதரன் அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

இதெல்லாம் போன மார்கழி வரைக்கும் பகிடியாகத்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய அக்கா விமலா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வருவார். "யசோதரன், சாப்பிட்டியோ?" என்றுதான் எப்போதும் தொடங்குவார். கீவில் கூடப் படித்தவர்களுக்கு அவர் யாஷா. வேலை பார்க்கும் கவுன்சிலில் யாஸ். டூங்கபி நண்பர்களுக்கு யசோ, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அங்கிள். முழுப் பெயரையும் நறுக்காமல் சொன்னவர் அக்கா ஒருவர்தான். மார்கழியில் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்து சிட்னிக்குத் திரும்பி வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைபேசி மேசையில் சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு அது உறைத்தது. அந்தப் பெயரைச் சொல்ல இனி உலகத்தில் ஒருவரும் இல்லை. அருந்ததி சொன்னால்தான் உண்டு.

பங்குனித் தொடக்கத்தில் ஒரு மாலை, யசோதரன் வேலையால் வரும்போது வெள்ளை மரப்பட்டை ஒன்றைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். கவுன்சிலில் மரங்களைப் பார்க்கும் அதிகாரி அவர். வீட்டு மரத்தை வெட்ட வேண்டும் என்று யாராவது கேட்டால், போய்ப் பார்த்து, வெட்டலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும்.

அருந்ததி அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். பட்டையைத் தொட்டாள். காகிதம் போல ஒரு அடுக்கு உரிந்து அவள் விரலோடு வந்தது.

"இது பெர்யோஸா எல்லோ?" என்றாள்.

"உமக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஏன் இருக்காது? உங்கட ஹொஸ்டல் ஜன்னல் மரம். வெள்ளையா மினுங்கிறது. இஞ்ச எங்க கண்டனீங்கள்?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில. முந்தி இருந்தவை நட்டிருக்கினம். இஞ்சத்தை வெயிலை அது தாங்காது. பட்டுப்போச்சு. வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டு வாறன்."

"பாவம்." அவள் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மிச்ச மரங்களின்ர பேர்க் கதையை நேரில சொல்லுறன் எண்டனீங்கள். இண்டைவரைக்கும் சொல்லேல்லை."

மரத்தின் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. அதே பேச்சில் அவள் எத்தனையோ தரம் சொன்ன தன் பெயர் மட்டும் எங்கே போனது? யசோதரன் அதைக் கேட்க வாயைத் திறந்தார். அருந்ததி முந்திக்கொண்டாள்.

"இந்த மாத வாசகர் வட்டத்துக்குப் பேச ஆளில்லை. மகேந்திரராசா அண்ணை என்ர உயிரை எடுக்கிறார். நீங்கள் வந்து இதைப் பேசுங்கோவன்."

"ஸ்லாவிய மரங்களைப் பற்றி டூங்கபித் தமிழருக்கு என்னத்தை?"

"எனக்குக் கேக்க ஆசையா இருக்கு. அது காணாதோ?"

டூங்கபி வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளரை யார் கூட்டிவருகிறாரோ, அவர்தான் எழுந்து நின்று பெயர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டும். அருந்ததி அந்த வட்டத்தின் செயலாளர். பேச்சாளரைக் கூட்டிவருகிறவளும் அவள்தான்.

யசோதரன் உடனே சம்மதித்தார்.

சனிக்கிழமை பின்னேரம், நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சமூக மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். யசோதரன் அயன் பண்ணிய நீலச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கீவில் ஆய்வுரையை ஒப்பிக்க நின்ற நாளில்கூட இத்தனை தரம் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்ததாக அவருக்கு ஞாபகமில்லை. கதவுக்குப் பக்கத்தில் அருந்ததி ஒட்டியிருந்த நோட்டீஸில் அவருடைய பெயர் இருந்தது. மற்ற எழுத்துகளை விடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தாள்.

வட்டத்தின் தலைவர் மகேந்திரராசா ஓய்வுபெற்ற கணக்காளர். அவர் வரவேற்றுப் பேசி, பகிடி விட்டு, "இனிச் செயலாளர் பேச்சாளரை அறிமுகம் செய்வார்" என்று உட்கார்ந்தார். அருந்ததி எழுந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்குப் பேச வந்திருக்கிறவரை உங்களில கனபேருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில பிறந்தவர். சோவியத் காலத்தில ஸ்கொலர்ஷிப் கிடைச்சு, கீவ் நகரத்தில காடுகளைப் பற்றிப் படிச்சவர். ரஷ்ய மொழி, உக்ரேனிய மொழி ரெண்டும் தெரியும். இப்ப கவுன்சிலில மரங்களுக்குப் பொறுப்பா இருக்கிறார்."

யசோதரன் கதிரை நுனிக்கு வந்தார்.

"அவரை, அதாவது மேனுகாவின்ர அப்பாவை, பேச வரும்படி கூப்பிடுறன்."

மண்டபம் கைதட்டியது. மகேந்திரராசா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "செயலாளர் அம்மா, பேச்சாளருக்குப் பேர் கீர் ஒண்டும் இல்லையோ?"

"நோட்டீஸில போட்டிருக்கு அண்ணை. கண்ணாடியைப் போட்டிட்டுப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். யசோதரனும் சிரித்தார். மைக்குக்கு முன்னால் போய் நின்றபோது, கொண்டுவந்த பட்டைத் துண்டை எங்கே வைத்தோம் என்பது மறந்து, இரண்டு சட்டைப் பைகளையும் தடவினார். அருந்ததிதான் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

பட்டையை முன்வரிசையில் கொடுத்துக் கைமாறச் சொல்லிவிட்டு அவர் தொடங்கினார். பெர்யோஸா, ஆங்கிலத்தில் பிர்ச், என்றால் வெளிச்சமாக, வெள்ளையாக மின்னுவது. சமஸ்கிருதத்தில் பூர்ஜம் என்று ஒரு மரம் உண்டு. ஓலை இல்லாத வடக்கே அதன் பட்டையில்தான் ஏடு எழுதினார்கள். பூர்ஜமும் பெர்யோஸாவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். உக்ரேனிய மொழியில் இந்தப் பங்குனி மாதத்துக்குப் பெயரே இந்த மரத்தின் பெயர்தான். பனி உருகி, அந்த மரத்தில் சாறு ஏறும் மாதம்.

"இஞ்ச பங்குனியில இலை கொட்டத் தொடங்குது" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அதுதான் கரைச்சல். மாதத்தைக் கப்பலில ஏத்திக்கொண்டு வந்தாலும் மரம் அதுக்குக் கட்டுப்படாது."

யசோதரனுக்குக் குரல் தெளிந்தது. லிண்டன் மரத்துக்கு லீப்பா என்று பெயர். ஒட்டுவது, பசைபோலப் பிடிப்பது என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். உள்பட்டையை ஊறவைத்தால் கைகளில் அப்படி ஒட்டும். பீச் மரத்துக்குப் பூக் என்று பெயர். ஆனால் அந்தப் பெயர் ரஷ்யரும் உக்ரேனியரும் அடங்கிய ஸ்லாவியருடையது இல்லை, ஜெர்மானியரிடமிருந்து எடுத்தது. ஏன் எடுத்தார்கள்? ஆதியில் அவர்கள் இருந்த இடத்தில் பீச் மரமே இருந்திருக்காது, அதனால்தான் சொந்தப் பெயர் இல்லை என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். எந்தெந்த மரங்களுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, எவற்றுக்குக் கடன் பெயர் இருக்கிறது என்று பார்த்தே, அவர்களுடைய முன்னோர் எந்தப் பக்கத்துக் காட்டில் வாழ்ந்தார்கள் என்று ஊகிக்கிறார்கள்.

"நாங்களும் அப்பிடித்தானே" என்றார் யசோதரன். "இப்ப நீங்கள் குந்தியிருக்கிற கதிரை போர்த்துக்கீசன் தந்த பேர். அன்னமுன்னாப் பழமும் அப்பிடி வந்த பேர்தான். பேரைப் பாத்தா எது எங்களோட பிறந்தது, எது பிறகு வந்து சேர்ந்தது எண்டு தெரியும்."

"குசினியும் வந்து சேர்ந்ததோ?" என்று கேட்டார் மகேந்திரராசாவின் மனைவி சந்திரவதனா. "அப்ப அதுக்குள்ள நான் மட்டும் ஏன் நிக்கிறன்? போர்த்துக்கீசனே வந்து சமைக்கட்டும்."

சிரிப்பு அடங்க நேரமானது. அருந்ததி இரண்டாம் வரிசையில் கன்னத்தில் கை வைத்து, முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று யசோதரனுக்குத் தோன்றியது.

வில்லோ மரத்துக்கு வந்தார். ஸ்லாவிய மொழிகளில் ஈவா என்றால் வில்லோ. அதே வேர்ச்சொல் மேற்கே போனால் யூ என்ற முற்றிலும் வேறு மரத்தைக் குறிக்கிறது. ஊர் விட்டு ஊர் போனவர்கள் பழைய பெயரைக் கொண்டுபோய்ப் புதிய மரத்துக்கு வைத்துவிட்டார்கள். "இஞ்சையும் அதுதான் நடந்தது. வெள்ளைக்காரன் வந்து எங்கட சவுக்கு மரத்தின்ர சகோதரத்தைக் கண்டிட்டு, அதுக்கு ஷீ-ஓக் எண்டு பேர் வைச்சான். அதுக்கும் ஓக் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனுக்கு ஓக் எண்டு சொல்ல ஏதாவது ஒரு மரம் வேண்டியிருந்துது, அவ்வளவுதான்."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அடுத்தது ஓக். இந்தப் பகுதியைப் பேசுவதா விடுவதா என்று அவர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஓக் மரம். தூப் எண்டு சொல்லுவினம். இந்தத் தூப் எங்கயிருந்து வந்தது எண்டு ஆராய்ச்சி செய்யிறவைக்கே ஒரு முடிவில்லை. சும்மா மரம் எண்டதுதான் முதல் அர்த்தமா இருக்கலாம் எண்டு சிலர் சொல்லினம். அப்ப பழைய பேர் என்ன? மற்றச் சில பழைய மொழிகளில ஓக்குக்கு வேறொரு சொல் இருந்திருக்கு. ஸ்லாவியரிட்ட அது இல்லை. அவையின்ர இடி தெய்வத்தின்ர பேரில மட்டும் அந்தச் சொல்லின்ர நிழல் இருக்கு எண்டு நினைக்கினம். இடி விழுகிற மரம் ஓக். தெய்வத்தின்ர மரம். அதால பயத்திலயும் மரியாதையிலயும் அந்தப் பேரை வாயால சொல்லாம விட்டிருப்பினம். 'அது', 'அந்த மரம்' எண்டு சொல்லிச் சொல்லி, கடைசியில அதுவே பேராப் போச்சு. கரடிக்கும் இப்பிடித்தான். பேரைச் சொன்னா வந்திடும் எண்டு பயந்து, தேன் தின்னி எண்டு கூப்பிட்டிருக்கினம். இண்டைக்கும் ரஷ்ய மொழியில கரடிக்கு அதுதான் பேர்."

"ஐயோ, இது எங்கட பொம்பிளையளின்ர கதை எல்லோ!" என்றார் சந்திரவதனா. "நானும் இவரை இஞ்சேரப்பா எண்டுதான் கூப்பிடுறது. இனிப் பயமில்லாமக் கரடி எண்டே கூப்பிடலாம் போல கிடக்கு."

"தேன் தின்னி எண்டு கூப்பிடு. கேக்க நல்லா இருக்கும்" என்றார் மகேந்திரராசா.

"சுகர் செக் பண்ணிப்போட்டு யோசிப்பம்."

மண்டபம் குலுங்கியது. யசோதரன் அருந்ததியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. மெல்லக் கையை உயர்த்தினாள்.

"எனக்கு ஒரு கேள்வி" என்றாள். "அந்தப் பழைய பேர் பிறகு திரும்பி வரேல்லையோ?"

"இல்லை."

"ஆசையில்லாம விடேல்லைத்தானே. மரியாதையிலதானே சொல்லாம விட்டவை."

"மரியாதையிலதான்" என்றார் யசோதரன். மைக்கில் தன் குரல் வேறு யாருடையதோ போல அவருக்குக் கேட்டது. "ஆனா சொல்ல ஒருத்தரும் இல்லாட்டி, மரியாதையா விட்டாலும் மறந்து விட்டாலும் பேருக்கு ஒண்டுதான். அது போயிடும். மரம் நிண்டுது. பேர்தான் போச்சு."

மகேந்திரராசா எழுந்து நன்றி சொன்னார். ரோல்ஸும் தேநீரும் வந்தன. கடைசி ஆள் போகும்வரை யசோதரனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். உக்ரேனில் கூடப் படித்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். என் பின்வளவில் நிற்கும் மரத்தை வெட்ட விடுவீர்களா என்று இன்னொருவர் கேட்டார்.

கதிரைகளை அடுக்கி, மண்டபத்தைப் பூட்டி, இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவர்களுடைய கார் மட்டும்தான் நின்றது, ஓரமாக நின்ற ஓக் மரத்தின் கீழே. வந்தபோது அருந்ததி வேண்டுமென்றே அங்கே நிறுத்தச் சொன்னாளா, நிழலுக்காகச் சொன்னாளா என்று யசோதரனுக்குத் தெரியவில்லை. விழுந்துகிடந்த காய்கள் அவர்களுடைய சப்பாத்துகளின் கீழ் நொறுங்கின.

அருந்ததி கார்க் கதவைத் திறக்கவில்லை.

"ஓக்கைப் பற்றிச் சொல்லேக்க என்னைத்தானே பாத்துச் சொன்னீங்கள்?"

"ஓம்."

அவள் ஒரு காயைக் குனிந்து எடுத்து, அதன் சிறிய தொப்பியைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள்.

"எனக்குப் பன்ரண்டு வயசில அப்பாவை நெஞ்சு நோவெண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. வாசலில நேர்ஸ் பேர் கேட்டவ. வேற பெரியாக்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்லை. அம்மா முழிச்சுக்கொண்டு நிண்டா. பிறகு சொன்னா. அம்மாவின்ர வாயால அப்பாவின்ர பேரை அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டனான்." அவள் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விடியிறதுக்குள்ள அப்பா இல்லை. தான் பேர் சொன்னதாலதான் எண்டு அம்மா கடைசிவரைக்கும் சொன்னா."

யசோதரன் காரில் சாய்ந்து நின்றார். அவளுடைய அப்பா மாரடைப்பில் போனது அவருக்குத் தெரியும். இது தெரியாது.

"நீர் இதை எனக்குச் சொல்லவேயில்லை."

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். விடிஞ்சா பொழுதுபட்டா ஆக்களிட்டப் பேர் கேக்கிறதுதான் என்ர தொழில். நான் இதைச் சொன்னா நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன்."

"அப்ப கல்யாணத்துக்கு முதல் ஃபோனில மூச்சுக்கு மூச்சு சொன்னீரே?"

"அப்ப நீங்கள் என்ர மனுசன் இல்லைத்தானே" என்றாள் அருந்ததி. "உங்களுக்கு ஒண்டும் வராது. நல்லாச் சொல்லித் தீர்ப்பம் எண்டுதான் சொன்னனான்."

யசோதரனால் அடக்க முடியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டார். அவள் முறைத்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது. மரத்திலிருந்து ஒரு காய் காரின் கூரையில் விழுந்து உருண்டது.

"இப்பவும் பயமோ?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "அந்தப் பயம் எப்பவோ போச்சு. பேர் சொன்ன ஆக்கள் எல்லாம் பேண்டேஜை ஒட்டிக்கொண்டு நடந்து போறதைத்தானே நாள்முழுக்கப் பாக்கிறன். ஆனா அது போறதுக்குள்ள வாய் இஞ்சாருங்கோவுக்குப் பழகிப்போச்சு. பிறகு திடீரெண்டு சொல்ல வெக்கமா இருந்துது. நீங்களும் ஒண்டும் பேசாம இருந்தீங்கள். உங்களுக்கு இப்பிடிக் கூப்பிடுறதுதான் விருப்பமாக்கும் எண்டு விட்டிட்டன்."

"எனக்கோ? விருப்பமோ?"

"பின்ன? இவ்வளவு வருசமா ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்கள் என்னட்டைக் கேட்டிருக்கிறீங்களோ?"

ஒரே வீட்டில், ஒரே மேசையில், அவர் கேட்பார் என்று அவளும், அவள் சொல்வாள் என்று அவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்டு வாங்கினால் கீழ்ப்படிதலாகிவிடும் என்று அவர் எத்தனை பெருமையாக வைத்திருந்த எண்ணம்! நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி அதே மேசையில் கிடக்கும்.

அருந்ததி காயைக் கைக்குள் மூடிக்கொண்டு அவரையே பார்த்தாள். காத்திருக்கும் முகம். அந்த முகத்தை இதற்கு முன்பும் பல தரம் பார்த்திருக்கிறோம், வேறு எதற்கோ என்று நினைத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"அக்கா போனாப் பிறகு என்ர பேரைச் சொல்ல ஒருத்தரும் இல்லை" என்றார். அவர் காரிலிருந்து நிமிர்ந்து, அவளுக்கு நேரே நின்றார்.

"அருந்ததி, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுமன்."